வெல்லக் கை

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் விரலை நீட்டச் சொல்கிற பல் டாக்டர் சிவகாசியிலேயே நான் ஒருத்திதான் என்று பேச்சு. உண்மையா என்று தெரியாது. மற்ற டாக்டர்களின் அறைக்குள் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் கிளினிக்குக்கு வழி கேட்டால், "அந்த விரல் குத்துற பல்லாஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோக்காரர் வண்டியை எடுப்பார்.

"பல்லு வலிக்குன்னு வந்தா விரலைக் குத்துறீக. விரலு வலிக்குன்னு வந்தா எதைக் குத்துவீக டாக்டரம்மா?" என்று முதன்முதலில் ஒருவர் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். பத்து வருடமாக வாரத்துக்கு ஒருவராவது இதையே கேட்கிறார். ஒவ்வொருவரும் அது தனக்கு அப்போதுதான் தோன்றியதுபோல, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்பார். இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. "அக்காகிட்ட விரலை நீட்டுங்க" என்று மட்டும் சொல்வேன்.

அக்கா என்பது என் உதவியாளர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்தான். வருகிறவர்கள் எல்லோரும் அக்கா, அக்கா என்று கூப்பிட்டு எனக்கும் அப்படியே பழகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். பெஞ்சில் இருப்பவர்களை வரிசையாகக் கூப்பிட்டு, பெயர், வயது, ஊர் கேட்டு, விரலில் குத்தி, சுகர் மிஷின் காட்டுகிற எண்ணை நோட்டில் எழுதி உள்ளே அனுப்புவது அவர் வேலை. நான் முதலில் அந்த எண்ணைப் பார்ப்பேன். அப்புறம்தான் ஆளைப் பார்ப்பேன்.

இதற்குக் காரணம் ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. ஈறு வீங்கி, லேசாக அழுத்தினால் சீழ் வந்து, நாற்பது வயதுக்கு முன்னாலேயே நல்ல பல் ஆடுகிறது என்றால் சர்க்கரை இருக்கலாம். சர்க்கரை ஏற ஏற ஈறு கெடும். ஈறு கெடக் கெட சர்க்கரையும் அடங்காது. அந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் போகலாம், சில சமயம் கிருமி தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்தையே பிடித்துவிடலாம். இதெல்லாம் காலேஜில் சொல்லிக்கொடுத்தது. நானாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். சர்க்கரை வலிக்காது, பல் வலிக்கும். இந்தப் பக்கத்தில் வலிக்காத நோய்க்கு யாரும் வேலைக்கு லீவு போட மாட்டார்கள். அதனால் சர்க்கரை வந்தவர் அதற்கான டாக்டரிடம் போவதற்குப் பல வருடம் முன்னாலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறார்.

அப்படி எத்தனை பேருக்கு முதல் சேதி சொன்னவள் நான் என்று நினைவில்லை. சொன்னதும் அவர்கள் பார்க்கிற பார்வை மட்டும் நினைவிருக்கிறது. நானே கொண்டுபோய் அவர்கள் உடம்பில் சர்க்கரையைக் கொட்டியது மாதிரி பார்ப்பார்கள். அதன்பிறகு சோறு, டீ, வடை, நடை, மாத்திரை என்று நான் ஒரு பாட்டம் பேச வேண்டும். ஒரே பேச்சை ஒரு நாளைக்கு நாலு தரம் பேசினால் பேசுகிறவளுக்கே அது பொய் மாதிரி கேட்க ஆரம்பித்துவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கடிகாரத்துக்குப் போகும். நான் விருதுநகரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கழுத்து வலி வேறு. குனிந்தே நிற்கிற தொழிலில் இருபத்தைந்து வருடம் ஓட்டியாகிவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை. "ஒங்கிட்ட வர்றவுகளுக்கு வலியைவிட ஒன் ஏச்சுதான் பயம்" என்பார் என் கணவர். அவர் பள்ளி வாத்தியார். தன்னைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பட்டாசு வேலை செய்கிறவர்களின் விரலில் ஊசி இறக்குவது லேசு இல்லை. நாள் முழுக்கக் காகிதக் குழாய் உருட்டி உருட்டி நுனி காய்த்துப்போயிருக்கும். நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் ஒரு பொடி, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் உட்கார்ந்திருக்கும். அக்கா மோதிர விரலின் பக்கவாட்டில், காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்துக் குத்துவார். நாலு விரல் மாற்றிக் குத்தியும் சொட்டு வராத ஆட்கள் உண்டு.

இந்தக் குத்தும் வேலையில் எங்களுக்கு முதல் அடி ஒரு பெரியவரிடம் விழுந்தது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக் கலவை வேலை பார்ப்பவர். ஒரு சாயங்காலம் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். மிஷின் நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. நான் பதறிப்போய், பல்லைத் தொட மாட்டேன் என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, உடனே பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று விரட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தோடும் லேப் சீட்டோடும் திரும்பி வந்தார்.

"வெறும் வயித்துல தொண்ணூத்தாறு. சாப்பிட்டுப் பாத்தா நூத்திப் பதினெட்டு. பெரிய டாக்டர் சிரிக்காரு" என்றார். "எங்க வீட்டுல ரெண்டு நாளாக் கேப்பைக் களிதான். அவ தெருப்பூரா சொல்லி அழுதுட்டா. கம்பெனில என்னைய சுகர்க்காரருன்னு பட்டம் கட்டிட்டானுக. இதுக்கு யாரு பதில் சொல்றது டாக்டரம்மா?"

நான் மிஷினை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அக்காதான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வெல்லம் சாப்பிட்டுட்டா வந்தீக மாமா?"

"இது என்ன கேள்வி? வேலை முடிஞ்சா வெல்லம் திங்காம எவன் வீட்டுக்குப் போவான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டாசுக் கம்பெனிகளில் வேலை முடிகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்கிற வழக்கம் உண்டு. சில இடங்களில் கம்பெனியே கொடுக்கும். சிலர் மடியில் முடிந்து கொண்டுபோவார்கள். நாள் முழுக்க மூச்சில் போன பொடியை வெல்லம் இழுத்து வயிற்றுக்குக் கொண்டுபோய்விடும் என்று நம்பிக்கை. பொடி போகிற இடம் வேறு, வெல்லம் போகிற இடம் வேறு, இரண்டும் சந்திக்கிற இடமே கிடையாது என்று நான் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மறுநாளும் வெல்லம் தின்றார்கள். அந்த வெல்லத்தை விரலால் உடைத்து, விரலால் வாயில் போட்டு, அதே விரலோடு கம்பெனி வேனில் ஏறி என்னிடம் வருகிறார்கள். நாங்கள் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டுக் குத்துகிறோம். ஸ்பிரிட்டுக்கு வெல்லம் கரையாது. வெளியே வருகிற ரத்தச் சொட்டு விரலில் ஒட்டியிருக்கிற வெல்லத்தோடு கலந்து மிஷினுக்குள் போகிறது. மிஷினுக்கு எது ரத்தத்துச் சர்க்கரை, எது விரல் சர்க்கரை என்று என்ன தெரியும்?

அன்றிலிருந்து சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் விரல் நீட்ட வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒரு வருடம் ஒழுங்காக நடந்தது. முதலில் கழுவாமல் குத்தி முந்நூறு காட்டிய கை, கழுவியதும் நூற்றுப் பத்துக்கு இறங்குவதைப் பெஞ்சில் இருந்தவர்கள் வித்தை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அக்கா அதற்கு வெல்லக் கை என்று பெயர் வைத்தார்.

சட்டம் எப்படித் தளர்ந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் ஒரு நாள் உட்கார்ந்து தளர்த்தவில்லை. எங்கள் கிளினிக் இருக்கிற மாடிக்குத் தண்ணீர் வருவதே கஷ்டம். வருகிற தண்ணீர் என் கைக்கும் சாமான்களுக்குமே சரியாக இருக்கும். லாரித் தண்ணீர் வராத நாளில் அக்கா, "வெல்லம் சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்பார். ஆமாம் என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 'வெ' என்று எழுதுவார். 'வெ' இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம் என்று எனக்கு அர்த்தம். முதலில் அது தண்ணீர் இல்லாத நாளுக்கு மட்டும் இருந்தது. பிறகு கூட்டம் அதிகமான நாளுக்கும் வந்தது. அப்புறம் எல்லா நாளும் அதுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்நூற்று நாற்பது வெ. இருநூற்றுத் தொண்ணூறு வெ. நான் பக்கத்தைத் திருப்பிவிட்டு வாயைத் திறக்கச் சொல்வேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தீபாவளிக்கு ஆறு வாரமோ ஏழு வாரமோ இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்தால் சனிக்கிழமை எங்களுக்கும் உச்சம்தான். வேன்கள் ஆளை இறக்கிவிட்ட கையோடு வலி பொறுத்துப் பொறுத்து வைத்திருந்தவர்கள் எல்லாம் படியேறி வந்துவிடுவார்கள். அன்று தொட்டியில் தண்ணீர் அடியில் கிடந்தது. லாரிக்காரர் வருகிறேன், வருகிறேன் என்று போனிலேயே வந்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகுகிற வேலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தார். தைத்து மிச்சமான துணி முதுகுப் பக்கம் மடிப்பாகத் தெரிந்தது. தாகம், மெலிவு, இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்ததை இன்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதே, அன்று ஏன் அது மண்டையில் ஏறவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். களைப்பு என்று ஒரு பதில் இருக்கிறது. அது பதில்தான், சமாதானம் இல்லை.

இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சீழ்.

"எடுத்துருங்க டாக்டரம்மா. திங்கக்கெளமை நான் வேலைக்குப் போயாகணும். சீசன்ல லீவு போட்டா அடுத்த வருசம் எடுக்க மாட்டாக" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். முந்நூற்று எண்பத்தாறு. பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் 'வெ'.

மேஜையில் வாய் கொப்பளிப்பதற்காக வாங்கி வைத்த கேன் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு டம்ளர் எடுத்து, கையைக் கழுவச் சொல்லி, இன்னொரு முறை குத்தியிருந்தால் மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மரத்துப்போகிற ஊசியைப் போட்டேன். பல் சிரமம் கொடுக்காமல் வந்துவிட்டது. பஞ்சைக் கடிக்கச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

புதன்கிழமை காலையில் அவரை அவருடைய கணவர் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கொண்டுவந்தார். தாடைக்கு அடியில் கழுத்து முழுக்கப் பலகை மாதிரி இறுகி வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. எச்சில் விழுங்க முடியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை வாஷ்பேசினுக்குக் கூட்டிப்போய் நானே சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, நானே குத்தினேன். நானூற்று நாற்பது காட்டியது. அக்கா என்னைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மதுரைக்கு அனுப்பினோம்.

அங்கே கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். இரண்டு நாள் உயிர் ஊசலாடியது என்று பிறகு தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது அபாயம் தாண்டியிருந்தது. கழுத்தில் கட்டு, கையில் சலைன், பக்கத்தில் இன்சுலின் அட்டவணை. பேச முடியாமல் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவருடைய கணவர் லாரி ஷெட்டில் லோடு ஏற்றுபவர். நல்ல உழைப்பாளி என்று தோள்களே சொல்லும். நான்கு நாளாகத் தூங்காத கண். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க பாத்து அனுப்பலைன்னா ஆளே இருந்திருக்க மாட்டா டாக்டரம்மா. ஒங்க காலத் தொட்டுக் கும்பிடணும்" என்றார். அப்புறம் மனைவியின் பக்கம் திரும்பினார். "வெல்லம் வெல்லம்னு தின்னு தின்னு சுகரை வர வச்சிக்கிட்டா. ஒடம்புல இம்புட்டு சுகரை வச்சிக்கிட்டு யாருட்டயும் சொல்லாம போயிப் பல்லைப் பிடுங்கியிருக்கா. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? சொன்னாத்தான தெரியும்? புள்ளைகள நெனச்சுப் பாத்தியா நீ?"

அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணோரத்தில் இருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், எண் என் கண் முன்னால் நோட்டில் இருந்தது, பார்த்துவிட்டுத்தான் பல்லை எடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வெல்லம் தின்றதால் மட்டும் சர்க்கரை வந்துவிடாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "இப்ப ஏசாதீக, ஒடம்பு தேறட்டும்" என்றேன். அதைக் கேட்டு அவர், எவ்வளவு நல்ல மனசு என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் வாங்கிப் போன ஆரஞ்சுப் பழப் பையை, சர்க்கரை நோயாளிக்குப் பழம் வாங்கிப் போன என் அறிவை நொந்துகொண்டே, திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே பல நியாயம் சொல்லிக்கொண்டேன். வழக்குப் போட்டால் கிளினிக் போய்விடும். அக்காவின் பிழைப்பு என்ன ஆகும்? அந்த ஆள் இப்போது இருக்கிற நிலையில் கேட்டால் என்ன செய்வாரோ? எல்லாம் நியாயம்தான். அந்தப் பெண்மேல் விழுந்த பழி அந்தப் பெண்மேலேயே இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா நோட்டைத் திறந்துவைத்து அழுதார். "நான்தான எளுதுனேன்" என்றார். "எடுத்தது நான்" என்றேன். அதோடு 'வெ' எழுதுவது நின்றது. மாடியேறியதும் எல்லோருக்கும் சோப்பு, தண்ணீர். தண்ணீர் இல்லாத நாளில் கேன் தண்ணீர். எண் கூடுதலாக இருந்தால் மறுபடி கழுவி மறுபடி குத்து. பெஞ்சில் இருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஏசினேன். முன்பைவிட அதிகமாகவே ஏசினேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது நானும் சொன்னேன். சிறுவயதில் இருந்து மனப்பாடமாகச் சொல்கிறதுதான். நினைவினாலும் சொல்லினாலும் செயலினாலும் என்று சபை முழுக்க ஒரே குரலில் சொல்லும்போது யாருடைய தவறும் தனியாகத் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

தீபாவளி வந்து போனது. தீபாவளி முடிந்தால் கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடியிருக்கும். ஊரே படுத்துத் தூங்குவதுபோல இருக்கும். கிளினிக்கிலும் கூட்டம் இருக்காது. அப்படி ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும், அந்தப் பெண் தனியாகப் படியேறி வந்தார். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். பிடித்துத் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்துவிட்டிருந்தார். தாடைக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு பளபளவென்று இருந்தது. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், போடட்டும் என்றுதான் இருந்தது.

"சுகர் பாக்கணும் டாக்டரம்மா. அப்பிடியே வலது பக்கம் ஒரு பல்லு கூசுது" என்றார்.

"கை கழுவிட்டு வாங்க" என்றேன்.

போய் நிதானமாகக் கழுவினார். விரலிடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தார். துண்டில் துடைத்துக்கொண்டே, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், ஊர் விஷயம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அன்னைக்கும் நான் களுவிட்டுத்தான் வந்தேன். பல்லு வலில வெல்லத்தைக் கடிக்க முடியல. வாயில ஒதுக்கி ஊற வச்சேன். கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சுன்னு கம்பெனிப் பைப்புல சோப்புப் போட்டுக் களுவிட்டு வேன் ஏறுனேன்."

அக்கா மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அதைச் சொல்லியிருக்கலாம்லம்மா" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வெல்லம் தின்னீகளான்னு கேட்டாக. ஆமான்னேன். கை களுவுனீகளான்னு யாரும் கேக்கலையே டாக்டரம்மா."

விரலை நீட்டினார். அக்கா குத்தினார். நூற்று அறுபத்தெட்டு. மோசமில்லை என்று சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"கொறஞ்சு என்ன பண்ண? வீட்டுல என்னைய வெல்லந்தின்னின்னுதான் கூப்பிடுறாக. சோத்தை அவுகதான் அளந்து போடுறாக. எம் மக வெளாட்டுக்கு என் கையை மோந்து பாக்கா. நாத்தனா வளைகாப்புக்குப் போனா, அங்கன அம்புட்டுப் பேரு முன்னாடியும், ஆசைக்குத் தின்னுட்டுப் புருசனை ஆஸ்பத்திரில காக்கப் போட்டவன்னு சொல்லிச் சிரிக்காக. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். மெய்யாவே என் தப்புதானோன்னு இருக்கு. அப்பிடியா டாக்டரம்மா?"

அவர் என்னைத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். நானும் அக்காவும். இருவரும் அந்த அறைக்குள் இருந்தோம்.

அலமாரியில் இருந்து பழைய நோட்டை எடுத்தேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தேன்.

"இது ஒங்க பேரு. இது அன்னைக்கு வந்த சுகர். முன்னூத்தி எம்பத்தாறு. நான் இதைப் பாத்துட்டுத்தான் பல்லை எடுத்தேன். கையில வெல்லம் ஒட்டியிருக்கும், அதான் கூடக் காட்டுதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். திரும்ப ஒரு தடவை பாத்திருக்கணும். பாக்கலை. தப்பு ஒங்க மேல இல்ல. என் மேலதான்."

அவருக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தது. மெல்ல, விரல் வைத்துப் படித்தார். பக்கத்தில் இருந்த ஓர் எழுத்தின் மேலும் விரல் வைத்தார். அது என்ன என்று கேட்கவில்லை.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தீகள்ல, அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

கீழே தெருவில் ஒரு மினி பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவர் அழுதிருந்தாலோ என்னைத் திட்டியிருந்தாலோ எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"எங்க வீட்டுக்காரக கீள வண்டிகிட்டதான் நிக்காக. இதை அவுககிட்ட சொல்லுவீகளா? நான் சொன்னா நம்ப மாட்டாக. தப்பிக்கிறதுக்குப் புளுகுறேம்பாக. நீங்க சொன்னா நம்புவாக."

அக்கா, "நானும் வாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். என் கிளினிக்குக்கு இருபது படி. அன்று ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் வந்து நின்றது, வேறு நாள் சொல்லலாம், பக்குவமாகச் சொல்லலாம் என்று.

கணவர் பைக்கில் சாய்ந்து நின்று எதிர்க்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"என்ன டாக்டரம்மா, நீங்க எறங்கி வந்திருக்கீக? கூடிருச்சா? திரும்பத் தின்னுட்டாளா?"

நான் நோட்டை விரித்துக் காட்டி, மாடியில் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அப்ப அவ மேல தப்பே இல்லையா?" என்றார்.

"இல்லை."

அவருடைய பெரிய கைகள் இறக்கிவிட்ட கைலியின் ஓரத்தைத் தேடிப் பிடித்தன. என் முன்னாலேயே அதைத் தூக்கி மடித்து இறுகக் கட்டிக்கொண்டார். என்னைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு இரண்டு படியாக மேலே ஏறினார், மனைவியைப் பார்க்க.